இணைப்பிழை நோய்களும் மனநலமும்

உடல்நலத்தைப் பற்றி எழுதுவோர் பலர். மனநலத்தைப் பற்றி எழுதுவோர் சிலர். உடலும் மனமும் ஒன்றையொன்று தாங்கியும் தாக்கியும் நிற்கும் திறத்தை ஆராய்வோர் மிகச் சிலரே. அவ்விரண்டிற்குமுள்ள தொடர்பு மிகத் தெளிவாய் விளங்கும் இடங்களுள் ஒன்று, பிறப்போடு வரும் இணைப்பிழை நோய்கள் எனப்படும் அரிய நோய்க் கூட்டம். அந்நோய்களால் வருந்துவோரின் மனநிலை யாது, அது கெடுவது எவ்வாறு, அதனைக் காக்கும் வழி எது என்பவற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். நாம் மருத்துவத் தொழில் பயின்றோமல்லோம். அத்துறை வல்லார் கண்டவற்றைத் தொகுத்து நம் கல்லூரி அன்பர்முன் வைக்கின்றோம்.

இணைப்பிழை என்பது யாது?

ஒரு கட்டடத்திற்குச் செங்கல் எத்துணை வேண்டுமோ அத்துணை வேண்டுவது அச்செங்கற்களைப் பற்றி நிற்கும் சாந்து. நம் சரீரத்தில் அச்சாந்தின் வேலையைச் செய்வது இணைப்பிழை. எலும்போடு எலும்பைப் பிணிக்கும் கட்டுநார்களிலும், தோலிலும், இரத்தக் குழாய்களின் சுவர்களிலும், கண்ணின் வில்லையைத் தாங்கும் நுண்ணிழைகளிலும் அது பரந்து கிடக்கின்றது. அதற்கு உறுதி தருவது கொல்லாஜென் என்னும் புரதம். நெகிழ்ந்து மீளும் இழைகளுக்குச் சட்டமாய் அமைவது பைப்ரில்லின் என்னும் புரதம். இவற்றை ஆக்கும் முறையைத் தம்மகத்தே கொண்ட ஜீன்களில் ஒன்றிற் பிழை நேரின், சாந்து பிடியாத சுவர்போல உடலின் பல பாகங்கள் ஒருங்கே தளர்கின்றன.

இந்நோய்களுள் மூன்றை மட்டும் ஈண்டுக் குறிப்போம். 1896-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் குழந்தை வைத்தியராகிய மார்ஃபான் என்பவர், கை கால்களும் விரல்களும் மிக நீண்டு மெலிந்திருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் நிலையை வைத்தியர் சபையில் எடுத்துரைத்தார். அவர் பெயரால் வழங்கும் நோய் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவர்க்கு உள்ளது. அதற்குக் காரணமாகிய பைப்ரில்லின் ஜீன் பதினைந்தாம் குரோமோசோமில் இருப்பது 1991-இல் வெளியாயிற்று. நெட்டையான உடலும், இடம் பெயரும் கண்வில்லையும் அதன் குறிகளாயினும், உயிர்க்கு இறுதி விளைப்பது பெருந்தமனியின் நலிவே. இதயத்தினின்று புறப்படும் அம்முதற் பெருங்குழாய் மெல்ல விரிந்து ஒருநாள் கிழியக்கூடும்.

இரண்டாவது, 1901-இல் கோபன்ஹேகன் நகரத்து ஏலர்ஸ் என்பவரும், 1908-இல் பாரிஸ் நகரத்து டான்லோஸ் என்பவரும் விவரித்த நோய். இழுத்தால் நீளும் தோலும், அளவிறந்து வளைந்து எளிதிற் பிசகும் மூட்டுக்களும் இதன் அடையாளங்கள். 2017-இல் வகுத்த பாகுபாட்டின்படி இது 13 வகைப்படும். மூட்டுத் தளர்ச்சியே மிக்கு நிற்கும் வகை பலரிடம் காணப்படுவது. அதற்குரிய ஜீன் இன்னும் அறியப்படவில்லை. இரத்தக் குழாய்களைத் தாக்கும் வகை அரிதாயினும் கொடிது. மூன்றாவது, சிறு தட்டிற்கும் எலும்பு முறியும் ஆஸ்டியோஜெனிஸிஸ் இம்பர்பெக்டா என்னும் நோய். இவையெல்லாம் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1956-இல் ஒரு நூலின் வாயிலாக உலகறியச் செய்தவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையைச் சார்ந்த டாக்டர் விக்டர் மெக்யூஸிக் ஆவர்.

இனி, இந்நோயாளரின் மனத்துயர் பிறக்கும் ஊற்றுக்கள் மூன்று. ஒன்று, உடலின் அமைப்பு. மற்றொன்று, நோயைப் பற்றிய அறிவு. பிறிதொன்று, சூழ்ந்துள்ளாரின் நம்பாமை. இவற்றை முறையே நோக்குவோம்.

முதல் ஊற்று: உடல்

மூட்டுக்கள் தளர்ந்தோர்க்கு நோவு நாடோறும் வரும் விருந்தாளியாகும். படுக்கையிற் புரளும்போதே தோள் பிசகுமாயின் உறக்கம் எங்ஙனம் கூடும்? மூட்டைப் பிடித்து நிறுத்த வேண்டிய கட்டுநார் அதனைச் செய்யாதபோது, அவ்வேலையையும் தசைகளே சுமக்கின்றன. ஆதலின் பிறர்க்கு இளைப்பாறுதலாகும் நிற்றலும் இருத்தலும் இவர்க்கு உழைப்பாய் முடிகின்றன. நெடுநாள் நோவும், குறைந்த உறக்கமும், தீராக் களைப்பும் ஒருங்கு கூடியவிடத்து மனச்சோர்வு வந்து குடிபுகுதல் வியப்பன்று.

இதனினும் நுட்பமானதொன்று உண்டு. நாம் எழுந்து நிற்குங்கால் இரத்தம் கால்களை நோக்கி இறங்குகின்றது. இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதனை மேலே தள்ளுகின்றன. ஏலர்ஸ்–டான்லோஸ் நோயுடையார் பலரிடம் இச்செயல் செவ்வையாய் நிகழ்வதில்லை. அக்குறையை ஈடு செய்ய இதயம் விரைந்து துடிக்கின்றது. எழுந்து நின்ற பத்து நிமிடத்திற்குள், இரத்த அழுத்தம் தாழாமலே, நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 30-க்கு மேல் உயர்ந்து நிற்குமாயின், இளைஞரிடத்து 40-க்கு மேல் உயருமாயின், அதனை வைத்தியர் ஒரு தனிக் கோளாறாகக் கொள்வர். காலை வழிபாட்டில் நெடுநேரம் நிற்கும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் நெஞ்சு படபடக்கின்றது, கை நடுங்குகின்றது, கண் இருளுகின்றது, வியர்வை அரும்புகின்றது. இவை யாவும் புலியைக் கண்டு அஞ்சியவனிடத்துத் தோன்றும் குறிகளே. புலி ஒன்றும் இல்லை. ஆயினும், உடல் அனுப்பும் செய்தியை மூளை அச்சமென்றே படித்துக்கொள்ளுகின்றது. இங்ஙனம் பன்முறை நிகழ, அவ்விடத்திற்குச் செல்லவே அவன் அஞ்சுகின்றான்.

இது வெறும் ஊகமன்று. ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகரில் அந்தோனியோ புல்பேனா என்னும் மனநோய் வைத்தியரும் அவருடன் உழைத்தோரும் 1980-களிலிருந்து இதனை ஆராய்ந்து வந்தனர். 1998-இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், திடீர்ப் பேரச்சத்தாலும் வெளியிடங்களுக்குச் செல்ல அஞ்சுதலாலும் வருந்திய 99 பேரில் 100-க்கு ஏறத்தாழ 68 வீதமானோர் மூட்டுத் தளர்ச்சியுடையராய் இருந்தனர். ஒப்பு நோக்குதற்கெனக் கொண்ட பிற நோயாளரிடம் அவ்வீதம் 100-க்கு 10 முதல் 13 வரையே இருந்தது. பின்னர் 2012-இல் இங்கிலாந்தின் ஸஸ்ஸெக்ஸ் பகுதி ஆராய்ச்சியாளர், மூட்டுத் தளர்ச்சியுடையாரின் மூளையில் அச்சவுணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதி இருபுறத்தும் சற்றுப் பெரிதாயிருத்தலைக் கண்டு வெளியிட்டனர்.

இதனைப் படிக்கும் மாணவர் தம் விரலை வளைத்துப் பார்த்துத் தாமும் நோயாளரென்று கலங்க வேண்டா. மூட்டு நன்கு வளைவோர் உலகிற் பலர். அவருட் பெரும்பாலார் நோயற்றோர். சுண்டுவிரல், பெருவிரல், முழங்கை, முழங்கால், இடுப்பு ஆகியவற்றின் வளைவை ஒன்பது புள்ளிகளால் அளக்கும் முறையொன்றைத் தென்னாப்பிரிக்காவின் டாக்டர் பெய்ட்டன் 1973-இல் தம் துணைவரோடு வகுத்தார். அவ்வளவைக் கருவி மட்டும் நோயை நிச்சயிக்காது. நோவும் பிசகும் பிற குறிகளும் சேர்ந்திருப்பின் வைத்தியரை நாடுதலே முறை.

இரண்டாம் ஊற்று: நோயைப் பற்றிய அறிவு

பிலோ ஹைமன் என்னும் அமெரிக்க மாது வாலிபால் ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்றவர். ஆறடி ஐந்தங்குல உயரமுடையவர். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற குழுவினர். 1986 ஜனவரியில் ஜப்பானிய நகரமாகிய மட்சுவேயில், ஆட்டத்தினின்று மாற்றப்பட்டுப் பலகையில் வந்தமர்ந்தவர் அவ்விடத்தே சாய்ந்து உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது 31. பெருந்தமனி கிழிந்தமையும், மார்ஃபான் நோயே அதற்குக் காரணமென்பதும் பிணப் பரிசோதனையில் வெளிப்பட்டன. அச்செய்தியால் அவர் சகோதரர் சோதிக்கப்பட்டார். அவரிடத்தும் அந்நோய் காணப்பட, உரிய காலத்தில் அறுவைச் சிகிச்சை நிகழ்ந்தது.

அச்சகோதரரின் மனநிலையைச் சிறிது ஆராய்வோமாக. ஒருவர் இறப்பு மற்றவர்க்கு எச்சரிக்கையாயிற்று. தான் பிழைத்தமைக்கு மகிழ்வதா, உடன்பிறந்தாளை இழந்தமைக்கு அழுவதா? இத்தகைய குடும்பங்களில் மகிழ்ச்சியும் குற்றவுணர்ச்சியும் ஒரே கயிற்றில் முறுக்கிய இரு புரிகளாகின்றன. நோயில்லாது பிறந்த பிள்ளையும் தன் நலத்திற்காக உள்ளூர நாணுகின்றது. தந்தை இறந்த வயதை மகன் நெருங்குந்தோறும் நாட்களை எண்ணத் தொடங்குகின்றான். ஆண்டுதோறும் பெருந்தமனியின் அகலத்தை அளக்க வைத்தியரிடம் செல்ல வேண்டும். அந்நாளுக்கு முன்னைய வாரங்களில் உறக்கம் வருவதில்லை. மார்பில் வாயுவால் சிறு குத்தல் உண்டாயினும், 'இதுவோ அது?' என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவை மூடத்தனமென்று தள்ளவும் இயலாது. ஏனெனில் ஒருநாள் அது உண்மையாகவும் கூடும்.

ஆயினும் அச்சத்திற்கு எதிரே நிறுத்தத்தக்க நற்செய்தியும் உண்டு. நலிந்த பெருந்தமனியின் அடிப்பகுதியையும் வால்வையும் ஒருங்கே நீக்கிச் செயற்கைக் குழாய் பொருத்தும் முறையை 1968-இல் லண்டன் நகரத்து ஹியூ பென்டால் என்பவர் தம் துணைவரோடு வெளியிட்டார். 1972-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மார்ஃபான் நோயால் இறந்தோரின் சராசரி வயது 32 எனக் காணப்பட்டது. இக்காலத்திலோ, முன்னரே கண்டறியப்பட்டு முறையாகச் சிகிச்சை பெறுவோர் ஏனையோர்க்கு அணித்தான ஆயுளைப் பெறுகின்றனர். விரைவில் இறப்போமென்று எண்ணிக் கல்வியையும் கலியாணத்தையும் கைவிட்டிருந்தோர் சிலர், முதுமை கண்டு, வாழ்தற்கு ஆயத்தமில்லாதிருந்ததற்காக வருந்தியதும் உண்டு. ஆயுள் நீண்டமையின், அவ்வாயுளை நிரப்பும் மனநலம் முன்னினும் வேண்டுவதாயிற்று.

விளையாட்டு இழப்பும் சிறிதன்று. 2014 ஜூன் மாதத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரராகிய ஐசையா ஆஸ்டின், தேசியச் சங்கக் குழுக்கள் வீரரைத் தெரிந்தெடுக்கும் நாளுக்குச் சில நாட்கள் முன்னர்த் தமக்கு மார்ஃபான் நோயுண்டென அறிந்தார். சிறு வயது முதல் வளர்த்த கனவு ஒரே செய்தியில் நின்றது. அவ்வாண்டுக் கூட்டத்தில் சங்கத் தலைவர் அவர் பெயரையும் மரியாதையாக அழைத்து மேடையேற்றினார். 2016-இல் வைத்தியர் மீளவும் அனுமதி தர, அவர் பிற நாடுகளில் ஆடினார். ஆனால் மேடையும் கைதட்டலும் எல்லார்க்கும் கிட்டுவனவல்ல. பந்தாட்டம் கூடாதென விலக்கப்பட்ட பள்ளிச் சிறுவன் ஆட்டத்தோடு ஆட்டத் தோழரையும் இழக்கின்றான். அவ்விழப்பை யாரும் துக்கமென்று எண்ணி ஆறுதல் கூறுவதில்லை.

பரம்பரை பற்றிய துயரம் வேறு. மார்ஃபான் நோயுடையார் ஒருவரின் பிள்ளை ஒவ்வொன்றிற்கும் அந்நோய் வரக்கூடிய அளவு பாதிக்குப் பாதி. 2001-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இந்நோயுடைய 174 பேரை உசாவி வெளியிடத் தொடங்கிய ஆராய்ச்சி வரிசையில், அவருட் பலரிடம் மனச்சோர்வின் குறிகள் காணப்பட்டமையும், பிள்ளைப் பேற்றைப் பற்றிய தீர்மானத்தில் நோய் தலையிட்டமையும் கூறப்பட்டன. நம் நாட்டிலோ, பிள்ளைக்கு நோய் தோன்றின், 'உங்கள் வீட்டு இரத்தமா, எங்கள் வீட்டு இரத்தமா?' என்று சம்பந்திகள் வழக்காடுவர். பழி பெரும்பாலும் தாயின் தலையில் விழும். உண்மை யாதெனில், மார்ஃபான் நோயாளர் நால்வரில் ஒருவர்க்கு அப்பிழை பெற்றோரிடமின்றிப் புதிதாகவே தோன்றியதாகும். ஏலர்ஸ்–டான்லோஸ் நோயின் சில வகைகளும், எலும்பு முறியும் நோயின் சில வகைகளும் மட்டும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தாலன்றித் தோன்றா. நெருங்கிய உறவில் மணம் புரிவோரின் மக்களிடத்து இவை மிகுதியாய்க் காணப்படும். இதனை அறிதல் மணத்திற்குமுன் ஆராய்தற்குப் பயன்படுக. பிறந்த பிள்ளையின் பெற்றோரைப் பழித்தற்குப் பயன்படாதொழிக.

மூன்றாம் ஊற்று: நம்பாமை

கால் இழந்தோனைக் கண்டார் இரங்குவர். இணைப்பிழை தளர்ந்தோனிடத்து இரங்குதற்குரிய அடையாளம் யாதும் இல்லை. அவன் நெடியனாய், சில வேளை அழகனாயும் தோன்றுவான். நேற்றுப் படியேறியவன் இன்று இயலாதென்பான். நாளை மீண்டும் ஏறுவான். ஆதலின் அவனைச் சோம்பேறியென்றும் நடிப்பவனென்றும் உலகம் எளிதிற் கூறிவிடுகின்றது. வைத்தியரும் ஒவ்வொரு நோவையும் தனித்தனியே நோக்கி, ஒன்றிலும் குறை காணாது, 'எல்லாம் மனப்பிரமை' என்று அனுப்பிவிடுதல் உண்டு. ஏலர்ஸ்–டான்லோஸ் நோயாளருட் பலர், முதற்குறி தோன்றிப் பத்தாண்டுகளுக்கு மேலும் நோயின் பெயரறியாது அலைந்தோராவர். அப்பெயரைக் கேட்ட நாளில் மகிழ்ந்து கண்ணீர் விட்டோரும் உளர். தீராத நோயொன்றின் பெயர் கேட்டு மகிழ்வாரும் உண்டோ எனின், உண்டு. நான் பொய்யனல்லேன் என்னும் தீர்ப்பு அப்பெயரில் அடங்கியிருக்கின்றது.

நம்பாமை உயிரையும் வாங்கும். ஜோனதன் லார்ஸன் என்னும் நியூயார்க் நாடகாசிரியர் 1996 ஜனவரியில் மார்பு நோவோடு சில நாட்களுக்குள் இரண்டு வைத்தியசாலைகளுக்குச் சென்றார். ஓரிடத்தில் உணவு நஞ்சானது என்றும், மற்றோரிடத்தில் சளிச்சுரம் என்றும் கூறி வீட்டிற்கு அனுப்பினர். அம்மாதம் 25-ஆம் நாள், தம் 'ரென்ட்' என்னும் இசை நாடகம் மக்கள்முன் முதன்முதல் ஆடப்படுதற்கு முந்திய இரவு கழிந்த விடியலில், பெருந்தமனி கிழிந்து இறந்தார். அப்போது அவர்க்கு வயது 35. அவர்க்கு மார்ஃபான் நோய் இருந்திருக்கக் கூடுமென்று பின்னர்க் கருதப்பட்டது.

எலும்பு முறியும் நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் படும் துன்பம் மற்றொரு வகையினது. அடிக்கடி எலும்பு முறிந்த குழந்தையைத் தூக்கி வரும் தாயை, 'இவளே அடித்திருப்பாளோ?' என்று அதிகாரிகள் ஐயுறுகின்றனர். குழந்தைகளைக் காக்கும் கடமையால் எழும் ஐயமே அது. எனினும், நோய் அறியப்படாதவிடத்து அன்புடைய தாய்க்கு அது ஆறாப் புண்ணாகின்றது.

ஈண்டு இரண்டு தவறுகள் எதிரெதிராய் நிற்கின்றன. உடல் நோயை மனநோயென்று கூறித் தள்ளுதல் ஒன்று. உடல் நோய் நிச்சயமானபின், 'உனக்கு மனநோய் ஒன்றும் இல்லை' என்று கூறி மனத்துயரைக் கவனியாது விடுதல் மற்றொன்று. நோயாளரும் இரண்டாம் தவறிற்கு உடன்படுவர்; 'மனம் சோர்ந்திருக்கின்றது' என்று சொன்னால் மீண்டும் 'எல்லாம் பிரமை' என்பரோ என அஞ்சி, உற்றதை மறைப்பர். இவ்விரு தவறுகளுக்கும் வேர் ஒன்றே. மனத்தின் நோய் மெய்யான நோயன்று, அது குணக்கேடு என்னும் பழைய எண்ணமே அவ்வேர். அதனைக் களைந்தாலன்றி இரண்டும் ஒழியா.

செய்யத்தக்கவை

முதலாவது, உடலுக்கும் மனத்திற்கும் சிகிச்சை ஒருங்கே நிகழ வேண்டும். எழுந்து நிற்கையில் வரும் படபடப்பிற்கு, வைத்தியர் சொற்படி நீரும் உப்பும் கூட்டுதலும், கால்களை இறுக்கும் உறை அணிதலும், சிறிது சிறிதாய் உயர்த்தும் தேகப்பயிற்சியும் பயன்படும். அதனோடு அச்சமும் ஓரளவு தணியும். நினைவையும் நடத்தையையும் பயிற்றி அச்சத்தைக் குறைக்கும் உரையாடற் சிகிச்சை, நோவோடு வாழக் கற்றற்கும் துணை செய்யும். உடல் தரும் அச்சத்தின் காரணத்தை அறிந்துகொள்ளுதலே பலர்க்குப் பாதி மருந்தாகும்.

இரண்டாவது, மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெருந்தமனியைக் காக்கத் தரும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் சிலர்க்குக் களைப்பையும் சோர்வையும் தரக்கூடும். அதனை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தாமே நிறுத்துதல் ஆபத்து. மனநோய்க்குத் தரும் மருந்துகளிலும் சில இரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் உயர்த்துவன. ஆதலின் மனநோய் வைத்தியரும் இதய வைத்தியரும் ஒருவரையொருவர் கலந்தே மருந்து தருதல் நலம். வாழ்வே வேண்டாவென்னும் எண்ணம் தோன்றுமாயின், அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி வைத்திய உதவி நாடுதல் வேண்டும்.

மூன்றாவது, ஒத்தார் கூட்டம். அமெரிக்காவில் 1981-இல் மார்ஃபான் நோயாளர்க்கும், 1985-இல் ஏலர்ஸ்–டான்லோஸ் நோயாளர்க்கும் சங்கங்கள் தோன்றின. 5,000 பேரில் ஒருவராய்த் தனித்திருந்தோர் தம்மைப் போன்ற மற்றொருவரைக் காணும்போது பெறும் ஆறுதல் எம்மருந்தினாலும் பெறற்கரிது.

நான்காவது, இரக்கத்தினும் மேலாக இடம் தருதல். பிரெஞ்சு தேசத்துப் பியானோ வித்துவானாகிய மிஷேல் பெட்ரூச்சியானி எலும்பு முறியும் நோயோடு 1962-இற் பிறந்தவர். மூன்றடி உயரமே வளர்ந்தவர். பியானோவின் மிதிகள் கால்களுக்கு எட்டாமையின் அவற்றோடு ஒரு கருவி இணைக்கப்பட்டது. மேடைக்கு அவரைத் தூக்கிச் செல்வர்; அமர்ந்தபின் உலகமே கேட்டு வியக்க வாசித்தார். 1999-இல் 36-ஆம் வயதில் மறைந்தார். அவர்க்கு வேண்டியிருந்தது கண்ணீரன்று. மிதியை எட்டுவிக்கும் அச்சிறு கருவியே.

நம் கல்லூரியிலும் அத்தகைய சிறு கருவிகளை அமைத்தல் இயலும். மாடியில் நடக்கும் வகுப்பைக் கீழே மாற்றுதல், நெடுநேரம் எழுத இயலாதவர்க்குப் பரீட்சையில் நேரம் நீட்டுதல், நிற்க இயலாதவரைக் காரணம் கேட்டு நாணச் செய்யாது அமரவிடுதல், ஆட இயலாதவனை ஆட்டத்தின் கணக்கெழுத அழைத்துத் தோழமையில் வைத்துக்கொள்ளுதல் ஆகிய இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நெடிய மாணவனைக் கொக்கென்று நகையாடுதலை ஒழித்தற்கு ஒரு காசும் வேண்டுவதில்லை.

மூன்று ஊற்றுக்களில், உடலின் அமைப்பை மாற்ற நம்மால் ஆகாது. நோயைப் பற்றிய அறிவை அழிக்கவும் ஆகாது. மூன்றாவதாகிய நம்பாமையை அடைத்தல் மட்டும் முற்றும் நம் கையில் உள்ளது. நம்மருகே அமர்ந்திருக்கும் ஒருவர், 'எனக்கு நோகின்றது' என்றோ, 'எனக்கு அச்சமாயிருக்கின்றது' என்றோ கூறுமிடத்து, அதனை மெய்யென்றே கொண்டு கேட்கும் பழக்கத்தை இக்கல்லூரியிற் பயில்வோர் பயின்று செல்வாராக.